எல்லாருக்கும் ஒரே முகமா?

எமது கல்லூரியில் கொரிய நாடகம் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று காலைக்கூட்டத்தில் கேட்டால் ஒரு கையும் உயராது. ஆனால் இடைவேளை மணி அடித்தபின் மரநிழலில் நடக்கும் பேச்சைக் கேட்பவர்களுக்கு உண்மை தெரியும். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வசனம் இருக்கிறது. “கத நல்லந்தான். ஆனா ஆரு ஆரெண்டுதான் வெளங்குதில்ல. எல்லாருக்கும் ஒரே முகம்.” வீட்டில் உம்மாமாரும் இதையே சொல்கிறார்கள். துருக்கித் தொடர் பார்க்கும் வாப்பாமார் சற்று மாற்றி, “எல்லாருக்கும் ஒரே தாடி” என்கிறார்கள்.

இந்த வசனத்தை நாம் மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அதைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பதே எனது கருத்து. படத்தில் இரண்டு பாத்திரங்களைப் பிரித்தறிய முடியாமற் போவதற்கு மூன்று பேரில் ஒருவர் காரணமாக இருக்கலாம். பார்ப்பவரின் கண் அந்த முகங்களுக்குப் பழகாதிருக்கலாம். படம் எடுத்தவர் பாத்திரங்களை ஒழுங்காக அறிமுகம் செய்யாதிருக்கலாம். அல்லது, அரிதாக, பார்ப்பவருக்கு முகங்களை நினைவில் வைப்பதிலேயே பிறவிச் சிரமம் இருக்கலாம். அந்த முகங்களுக்குச் சொந்தக்காரர் இந்த மூவரில் எவரும் அல்லர். ஆனால் பழியை மட்டும் நாம் அவர்கள் தலையில் போட்டுவிடுகிறோம்.

ரூபவாஹினியில் ‘சுஜாத தியணி’ என்ற பெயரில் சிங்களத்தில் ஒளிபரப்பான தொடரைப் பெற்றோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 2003 இல் கொரியாவில் 54 அங்கங்களாக வெளிவந்த ‘தே ஜங் கும்’ என்பதுதான் அதன் மூலம். தாய் தந்தையை இழந்த ஒரு சிறுமி அரண்மனைச் சமையற்கட்டில் சேர்ந்து, பின்னாளில் அரசனுக்கே வைத்தியம் பார்க்கும் அளவுக்கு உயர்கிற கதை. அதைப் புதிதாகப் பார்ப்பவர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். சமையற்கட்டுப் பெண்கள் அனைவருக்கும் ஒரே நிறத்தில் உடை. நடுவகிடு எடுத்து இழுத்துக் கட்டிய ஒரே கொண்டை. கதாநாயகியின் பெயர் ஜங் கும். அவளுடைய போட்டியாளரின் பெயர் கும் யங். பெயரிலேயே நாக்குத் தடக்குகிறது.

ஒருவரை நாம் முகத்தை மட்டும் வைத்து அடையாளம் காண்பதில்லை. பெயர், குரல், நடை, உடை, தலைமுடி, நிற்கும் இடம், பக்கத்தில் இருக்கும் ஆள் என்று நமக்குப் பல பிடிமானங்கள் உண்டு. அரண்மனைக் கதை உடையையும் தலைமுடியையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்நிய மொழிப் பெயர் காதில் ஒட்டுவதில்லை. குரலாவது உதவுமா என்றால், மொழிமாற்றம் செய்யும்போது ஒரே கலைஞரே இரண்டு மூன்று பேருக்குக் குரல் கொடுத்துவிடுகிறார். எழுத்துகளோடு பார்ப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். திரையின் அடியில் ஓடும் வரிகளை வாசித்து முடிப்பதற்குள் முகம் மாறிப் போயிருக்கும். முகத்தைப் பார்க்காமலே முகம் விளங்கவில்லை என்று முறைப்பாடு செய்கிறோம்.

ஆனாலும் பத்துப் பதினைந்து அங்கங்கள் போனபின் இந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடுகிறதே, கவனித்தீர்களா? பின்னால் நின்று பேசும் சமையற்காரியைக்கூட உம்மா பெயர் சொல்லித் திட்டத் தொடங்கிவிடுவார். இடையில் அந்த நடிகைகள் முகத்தை மாற்றிக்கொண்டு வரவில்லை. நமது கண்தான் பாடம் படித்திருக்கிறது.

இதை அழகாக எடுத்துக்காட்டிய ஓர் ஆய்வு உண்டு. 2011 இல் ரொப் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் பிரித்தானியாவில் நடத்தியது. நெதர்லாந்தில் பிரபலமான இரண்டு பெண்களின் புகைப்படங்கள், ஒருவருக்கு 20 வீதம், மொத்தம் 40. அவற்றைக் கலைத்துக் கொடுத்து, “ஒவ்வொரு ஆளின் படங்களையும் தனித்தனிக் குவியலாக வையுங்கள்” என்றார்கள். எத்தனை ஆட்கள் என்பதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்களை முன்பின் அறியாத பிரித்தானியர்கள் சராசரியாக ஏழு எட்டுக் குவியல்கள் வைத்தார்கள். நெதர்லாந்துக்காரர்களிடம் அதே படங்களைக் கொடுத்தபோது ஏறக்குறைய எல்லாரும் சரியாக இரண்டு குவியல்கள் வைத்துவிட்டு எழுந்தார்கள். பிரித்தானியர்களும் ஐரோப்பியர், அந்தப் பெண்களும் ஐரோப்பியர். நிறமும் இனமும் ஏறத்தாழ ஒன்றுதான். இருந்தும், அறிமுகமில்லாத முகம் ஒளியும் சிரிப்பும் மாறும்போது வேறு ஆளாகத் தெரிந்தது. இரண்டு பேர் ஒருவராகத் தெரிவது மட்டுமே நமது சிக்கல் என்று நினைத்திருந்தோம். ஒருவரே ஏழு பேராகத் தெரிவதும் அதே சிக்கலின் மறுபக்கம்.

இன வேறுபாடு இதில் சேரும்போது சிரமம் கூடுகிறது என்பதும் உண்மையே. 1969 இல் அமெரிக்காவில் மல்பாஸ், கிராவிட்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து இன்றுவரை பலர் இதைச் சோதித்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் தம் இனத்து முகங்களையே நன்றாக நினைவில் வைக்கிறார்கள். ஆனால் இது இரத்தத்தில் ஓடும் குணமன்று. கொரியாவில் பிறந்து, மூன்று வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடையில் ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து ஆளானபின் 2005 இல் அவர்களைச் சோதித்தார்கள். அவர்களுக்கு ஐரோப்பிய முகங்களே இலகுவாக விளங்கின. தம்மைப் போன்ற ஆசிய முகங்களில்தான் தடுமாறினார்கள். ஆகவே, “எல்லாக் கொரியருக்கும் ஒரே முகம்” என்று ஒருவர் சொன்னால், அவர் வளர்ந்த வீட்டையும் தெருவையும் பற்றித்தான் நமக்குத் தகவல் தருகிறார்.

இனி இயக்குநர்களிடம் வருவோம். பார்ப்பவருக்குப் பழக்கமில்லை என்று தெரிந்தும் படம் எடுப்பவர் தம் கடமையைச் செய்தால் குழப்பத்தைப் பெருமளவு தவிர்த்துவிடலாம். இதற்கு ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ படத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1954 இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் ஓடும். கொள்ளையரிடமிருந்து ஒரு கிராமத்தைக் காக்க ஏழு வீரர்களைத் தேடிச் சேர்க்கும் கதை. ஏழு பேர், ஒரே நாட்டு உடை, ஒரே மொழி, வண்ணமும் இல்லை. நாம் குழம்புவதற்கு எல்லா வசதியும் இருக்கிறது.

ஆனால் குரோசவா அவசரப்படவில்லை. ஒவ்வொருவரையும் ஒரு செயலோடு கொண்டுவந்து நிறுத்துகிறார். தலைவர், ஒரு குழந்தையைத் திருடனிடமிருந்து மீட்பதற்காகத் தன் குடுமியைச் சிரைத்துத் துறவி வேடம் போடுகிறார். அதன்பின் படம் முழுக்க அந்த மழித்த தலையைத் தடவிக்கொண்டே யோசிக்கிறார். இன்னொருவர், கதவுக்குப் பின்னால் தடியோடு ஆள் மறைந்திருப்பதை உள்ளே வராமலே கண்டுபிடித்துச் சிரிக்கிறார். ஒருவர் விறகு கொத்திக்கொண்டு வருகிறார். ஒருவர் வாளைத் தவிர எதையும் பேசவிடாத மௌனி. ஒருவன் மீசை அரும்பாத பையன். ஏழாமவன் தன் உயரத்துக்குச் சமமான வாளைத் தோளில் போட்டுக்கொண்டு கோமாளி போல் பின்தொடர்கிறான். அவர்களுக்கென ஒரு கொடிகூடச் செய்கிறார்கள். ஆறு வீரர்களுக்கு ஆறு வட்டம், கோமாளிக்கு மட்டும் ஒரு முக்கோணம். இத்தனைக்கும் பின் மழையிலும் சேற்றிலும் நடக்கும் கடைசிச் சண்டையில் யார் வீழ்ந்தார் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. ஜப்பானிய முகமே பார்த்திராத எனது உம்மும்மா அந்தப் படத்தில் பாதியைப் பார்த்துவிட்டு, “அந்த மொட்டத் தல மனிசனுக்கு ஒண்டும் ஆகக்கூடாது” என்று சொன்னார்கள். ஒரு வார்த்தையும் விளங்காமலே.

இன்னோர் இயக்குநர் வேறு வழியில் போனார். அந்த வழிதான் எனக்குக் கோபம் தருவது. ரிட்லி ஸ்கொட் எடுத்து 2001 இல் வெளியான ‘பிளக் ஹோக் டவுன்’ என்ற அமெரிக்கப் படம், 1993 ஒக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷு நகரில் அமெரிக்கப் படையினருக்கும் சோமாலியருக்கும் இடையே நடந்த மோதலைச் சொல்வது. படையினர் எல்லாருக்கும் ஒட்ட வெட்டிய முடி, ஒரே சீருடை, தலைக்கவசம், முகத்தில் தூசி. பார்ப்பவர் குழம்புவார்கள் என்பதை இயக்குநர் சரியாகவே உணர்ந்தார். எனவே ஒவ்வொருவரின் தலைக்கவசத்திலும் அவரவர் பெயரை எழுதிவிட்டார். உண்மையில் அந்தப் படையினர் அப்படிப் பெயர் எழுதியிருக்கவில்லை. பார்வையாளருக்காகச் செய்த ஏற்பாடு அது.

நல்ல யோசனைதான். ஆனால் அதே படத்தில் வரும் சோமாலியரை நினைத்துப் பாருங்கள். தெருக்களில் ஓடுகிறார்கள், கூரைகளில் ஏறுகிறார்கள், சுடுகிறார்கள், விழுகிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர எவருக்கும் பெயரில்லை. அவர்களை நடித்தவர்களில் சோமாலியரே இல்லை என்ற கண்டனமும் அப்போதே எழுந்தது. அந்த மோதலில் 18 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தார்கள். சோமாலியரில் இறந்தோர் நூற்றுக்கணக்கானோர். ஒரு பக்கத்தாரை நாம் பிரித்தறிய வேண்டும் என்பதற்காக வரலாற்றில் இல்லாத பெயர்ப்பட்டி ஒட்டப்படுகிறது. மறுபக்கத்தார் பிரித்தறியப்பட வேண்டியவர்களாகவே கருதப்படவில்லை. படம் பார்த்துவிட்டு, “அந்தக் கறுப்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள்” என்று ஒருவர் சொன்னால் அதை அவருடைய கண்ணின் குறை என்று மட்டும் தள்ளிவிட முடியுமா? அப்படித்தான் தெரிய வேண்டும் என்று யாரோ திட்டமிட்டிருக்கிறார்கள், அல்லது அதைப் பற்றி யோசிக்கவே நேரம் ஒதுக்கவில்லை. இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கர்க்’ (2017) படத்திலும் பலர் குழம்பினார்கள். கடற்கரையில் சிக்கிக்கொண்ட இளம் சிப்பாய்கள், எல்லாருக்கும் கறுத்த முடி, நனைந்த சீருடை. ஆனால் அங்கே அந்த ஒற்றுமைக்குக் கதையில் வேலை இருக்கிறது. வாயே திறக்காத ஒரு சிப்பாய், இறந்துபோன பிரித்தானியன் ஒருவனின் உடையை அணிந்த பிரெஞ்சுக்காரன் என்பது பின்னால் தெரியவருகிறது. தெரிந்தவுடன், அதுவரை தோழனாக இருந்தவனைப் படகிலிருந்து இறக்கிவிடப் பார்க்கிறார்கள். முகம் அதே முகம். இப்படிப்பட்ட குழப்பத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

தமிழ் சினிமாவுக்கு இந்த விடயத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. ஒரே நடிகரை வைத்துப் பல ஆட்களைக் காட்டுவதில் நம்மவர்கள் கைதேர்ந்தவர்கள். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) எம்.ஜி.ஆர். இரண்டு பேர். ‘நவராத்திரி’யில் (1964) சிவாஜி ஒன்பது பேர். ‘தசாவதார’த்தில் (2008) கமல்ஹாசன் பத்துப் பேர். சிவாஜியின் ஒன்பது பேரையும் நடையை வைத்தே சொல்லிவிடலாம். கமலின் பத்துப் பேரில் சிலரை முகத்தில் ஒட்டிய பூச்சை வைத்துத்தான் சொல்ல முடிகிறது என்பது என் அபிப்பிராயம். அவருடைய இரசிகைகள் என்னை இடைவேளையில் வந்து சந்திக்கலாம். ஆனால் அதே சினிமாவில் ஒரு முஸ்லிம் வரும்போது இந்தக் கைத்திறன் எங்கே போய்விடுகிறது? தொப்பி, தாடி, சுர்மா, தோளில் ஒரு கட்டம்போட்ட துண்டு. பெயர் கேட்டால் பல படங்களில் ‘பாய்’. அது உறவுச் சொல், பெயரல்ல. அவருக்கு என்ன பிடிக்கும், எந்த ஊர், பிள்ளை எத்தனை என்று எதுவும் இராது. ஒரு படத்தின் பாயைத் தூக்கி இன்னொரு படத்தில் வைத்தாலும் கதை ஓடும். எமது நாட்டு மேடை நகைச்சுவைகளில் வரும் ‘நானா’வும் இவருடைய தம்பிதான்.

இந்த இடத்தில் நாம் நம்மைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவும் அணிந்து நாம் வரிசையாக வீதியைக் கடக்கும்போது, பேருந்தில் இருப்பவருக்கு நாமும் அந்தச் சமையற்கட்டுப் பெண்கள் மாதிரித்தான். எங்கள் வகுப்பு இடாப்பில் பாதிப் பேருக்குமேல் முதற்பெயர் பாத்திமா. ஜங் கும், கும் யங் என்று நாம் தடுமாறியதைப் போல, பாத்திமா ரிஸ்னா, பாத்திமா ரிஸ்மியா, பாத்திமா ரிஸ்லா என்று வாசிக்கும் ஒரு பரீட்சை மேற்பார்வையாளரும் தடுமாறத்தான் செய்வார். அவரிடம் கெட்ட எண்ணம் இருக்கவேண்டும் என்பதில்லை.

எகிப்தைச் சேர்ந்த அஹமத் மெக்ரெயா, மார்க்கஸ் பிண்டெமான் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2009 இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இதற்குச் சுவையான விளக்கம் தருகிறது. அறிமுகமில்லாத முகத்தைப் பார்க்கும்போது பிரித்தானியர்கள் பெரும்பாலும் முடியையும் முகத்தின் விளிம்பையும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எகிப்தியர்களோ கண், மூக்கு, வாய் என்று முகத்தின் உட்பகுதியைக் கொண்டு நன்றாக அடையாளம் காண்கிறார்கள். தலையை மறைத்த பெண்களைச் சிறு வயது முதல் பார்த்து வளர்வதே இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். முக்காட்டின் விளைவு என்றே அதற்குப் பெயரும் வைத்தார்கள். கலியாண வீட்டில் நூறு பர்தாக்களுக்கு நடுவே, தன் மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணை நுழைவாசலிலிருந்தே கண்டுபிடிக்கும் மாமிமாரின் திறமைக்கு இப்போது விஞ்ஞானச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. முடியை வைத்தே ஆளைப் பிரித்துப் பழகிய கண்ணுக்கு முடி மறைந்தவுடன் பிடிமானம் போய்விடுகிறது. அவ்வளவுதான் விடயம்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாலும் அதன் விலை எப்போதும் சிறியதல்ல. 250 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின், ஏப்ரல் 25 ஆம் திகதி, தேடப்படுவோரின் படங்களைப் பொலிஸார் வெளியிட்டார்கள். அவற்றில் ஒரு பெண்ணின் பெயருக்குக் கீழே இருந்த முகம் வேறொருவருடையது. அமாரா மஜீத் என்ற அந்த யுவதி, இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அங்கே பிரவுண் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைக் கண்டித்து எழுதிப் பேசி வந்தவர். காலையில் கண் விழித்தபோது, தான் பிறக்காத நாட்டில் பயங்கரவாதச் சந்தேக நபராகத் தன் படம் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார். கொலை மிரட்டல்கள் வந்தன. பொலிஸார் தவறை ஒப்புக்கொண்டு அந்தப் படம் அவருடையதல்ல என்று திருத்தம் வெளியிட்டார்கள். ஆனால் திருத்தத்தைப் பகிர்ந்தவர்களைவிடப் படத்தைப் பகிர்ந்தவர்கள் அதிகமாக இருந்திருப்பார்கள் என்று ஊகிக்க யாருக்கும் ஆய்வு தேவையில்லை.

அந்தப் படத்தைப் பகிர்ந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவராவது இரண்டு முகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால்? முக்காடு இட்ட ஓர் இளம்பெண் என்பதோடு அவர்களுடைய பார்வை நின்றுவிட்டது. சினிமாவில் இப்படி நின்றால் கதை விளங்காது, அவ்வளவே. வெளியில் நின்றால் ஒரு மாணவியின் உயிருக்கே ஆபத்து. நம் பிள்ளைகள் திரையின் முன் இருந்து, “இவங்களெல்லாம் ஒரே மாதிரி” என்று சொல்லும்போது பெற்றோர் சிரித்துவிட்டுப் போகாமல், “அந்தப் பிள்ளைக்கு நெத்தியில தழும்பு இரிக்கி, பாரு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நான் கேட்பது இதனால்தான். கண்ணைப் பழக்குவதற்குப் படத்தைவிட மலிவான பாடசாலை கிடையாது.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். எத்தனை அங்கம் பார்த்தாலும், எந்த நாட்டுப் படமானாலும், கதாநாயகி உடை மாற்றி வந்தவுடன் “இது ஆரு?” என்று கேட்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். தூரப்பார்வை குறைந்த பிள்ளைக்குக் கடைசி வாங்கிலிருந்து எல்லா முகமும் மங்கலாகத்தான் தெரியும். கண் சரியாக இருந்தும் இந்தச் சிரமம் நீடித்தால் அது முகமறிதல் குறைபாடாக இருக்கலாம். 1947 இல் ஜெர்மன் வைத்தியர் யோவாகிம் போடமர் இதற்கு முதன்முதலில் மருத்துவப் பெயர் சூட்டினார். மூளையில் அடிபட்டவர்களிடம்தான் முன்பு இதைக் கண்டார்கள். பிறவியிலேயே உள்ளவர்களும் நூறு பேரில் இருவர் வரை இருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியர் ஒலிவர் சாக்ஸுக்கு இது இருந்தது. சிம்பன்சிகளோடு வாழ்ந்து ஆராய்ந்த ஜேன் குடாலுக்கும் இருந்தது. இருவரும் வெளிப்படையாக எழுதினார்கள்.

அப்படிப்பட்ட பிள்ளை வீதியில் டீச்சரைக் கண்டும் சலாம் சொல்லாமல் போகும். நேற்றுப் பேசிய தோழியை இன்று தெரியாதது போல் கடக்கும். “பெரும புடிச்சவ” என்று பட்டம் கிடைக்கும். அவளோ குரலையும் நடையையும் புத்தகப்பையின் நிறத்தையும் மனனம் செய்து ஒவ்வொரு நாளையும் சமாளித்துக்கொண்டிருப்பாள். சீருடை, பர்தா, ஒரே கறுத்தச் சப்பாத்து என்று இருக்கும் எமது கல்லூரியைவிட அவளுக்குக் கடினமான படம் வேறு இருக்க முடியாது. அவளைக் காணும்போது உங்கள் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். அவளுக்கு அது பெரும் உதவி.

முகத்தைக் காட்டாமலே ஒருவரின் பிரசன்னத்தை உணர்த்த முடியும் என்பதற்கும் ஒரு படம் சான்றாக இருக்கிறது. முஸ்தபா அக்காத் 1976 இல் எடுத்த ‘தி மெசேஜ்’ நம் வீடுகளில் பலரும் பார்த்தது. அதில் நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ இல்லை. மற்றவர்கள் கமராவை நோக்கித் திரும்பும் விதத்திலேயே யார் வந்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடுகிறது. ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தை ஆங்கிலப் படத்தில் அன்ரனி குயின் நடித்தார். கூடவே எடுத்த அரபுப் படத்தில் அப்துல்லா கைத் நடித்தார். ஒரே காட்சி, ஒரே பாலைவனம், இரண்டு ஹம்ஸாக்கள். ஐந்து வருடம் கழித்து அதே இயக்குநரின் ‘லயன் ஒஃப் த டெசர்ட்’ படத்தில் அன்ரனி குயின் லிபியாவின் உமர் முக்தாராக வந்தார். ஸஹாபாக்களை நடிகர்கள் நடிக்கலாமா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு படங்களையும் பார்த்த சின்னப் பிள்ளைகளுக்கு உஹத் களமும் இத்தாலியரின் தூக்குமேடையும் ஒரே மனிதரின் வாழ்க்கையாகிவிடுகிறது. இடையில் பதின்மூன்று நூற்றாண்டுகள் இருப்பதை எடுத்துச் சொல்வது வாப்பாமாரின் வேலை.

இந்த வருடமும் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு எமது கல்லூரி நாடகம் பழகத் தொடங்கும். அரசன், மந்திரி, காவலன், வேடன் எல்லாருமே நாங்கள்தான். கண்மையால் வரைந்த மீசையும் வாடகைக்கு எடுத்த ஒரே மாதிரிச் சட்டையும்தான். முன்வரிசையில் இருக்கும் அதிபருக்கும் நடுவர்களுக்கும் முகம் தெரியும். கடைசி வரிசையில், பின்னேரம் வேலை முடிந்து ஓடிவந்து கதவோரம் நிற்கும் வாப்பாவுக்கு எதுவும் தெரியாது. நான்கு காவலர்களில் தன் மகள் எது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். நாடகம் எழுதும் டீச்சர்மாரிடமும் பழக்கும் அக்காமாரிடமும் எனது வேண்டுகோள் இதுதான். நான்காவது காவலனுக்கும் ஒரு பெயர் வையுங்கள். ஒருத்திக்கு நொண்டல், ஒருத்திக்கு இருமல், ஒருத்திக்குச் சிவப்புத் தலைப்பாகை என்று ஏதாவது கொடுங்கள். சிவப்புத் துணி ஒரு மீற்றர் போதும்.